நாகலெட்சுமியின் தனி அடுப்பு

வட்டவளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நாகலெட்சுமி என்று கேட்டால் ஆள் தெரியாது. ‘நோஞ்சி’ என்று கேட்டால்தான் லயத்து வீட்டு வரிசையைக் கைகாட்டுவார்கள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல் வெளிக்குப் போய்விடும். கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினால் கண் இருட்டும். தோட்டத்து மருந்துக் காம்பராவில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். மாமியார் பேச்சியம்மா பேய் என்று சொல்லித் தாயத்துக் கட்டிவிட்டாள். பூச்சியும் போகவில்லை, பேயும் போகவில்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தவள் நாகலெட்சுமிதான்.

அறுபதாம் ஆண்டு வாக்கில் ஒருநாள் மலையிலேயே மயங்கி விழுந்தாள். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சீமையில் படித்துவிட்டு வந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். இவளுக்கு ரொட்டியையும் பேக்கரிப் பாணையும் நிறுத்திச் சோறு மட்டும் கொடுத்துப் பார்த்தாள். வயிற்றுப்போக்கு நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது கண்டிப்பாகச் சொன்னாள்.

“கோதுமை மா உங்கட உடம்புக்கு நஞ்சு. ரொட்டி, பாண், பிஸ்கட் ஒண்டும் வாயில வைக்கக்கூடாது. சாகும் வரைக்கும்.”

சொல்லிவிட்டாள் மகராசி. தோட்டத்தில் காலையில் ரொட்டி, மலையில் தேத்தண்ணியோடு ரொட்டி, அரிசி தீர்ந்துவிட்டால் ராத்திரிக்கும் ரொட்டி. வட்டவளையில் இருந்துகொண்டு ரொட்டி வேண்டாம் என்பது மழை வேண்டாம் என்பது மாதிரி.

“நாங்கல்லாம் ரொட்டி தின்னு சாகணும், இவ மட்டும் தொரசாணி கணக்கா சோறு திங்கணுமா?” என்று குதித்தாள் பேச்சியம்மா. நாகலெட்சுமி தன் பங்கு மாவை எடுத்துக்கொண்டு கீழே சிங்களக் கிராமத்துக்கு இறங்கினாள். அங்கே மெனிக்கே என்ற பெண்ணிடம் மாவைக் கொடுத்துவிட்டு, குரக்கன் எனும் கேழ்வரகும் மரவள்ளிக்கிழங்கும் வாங்கி வந்தாள். குரக்கன் கஞ்சி, அவித்த கிழங்கு, இருக்கிற நாளில் சோறு. இதுதான் சாப்பாடு.

உடம்பு உடனே தேறவில்லை. முதலில் வயிற்று உப்பல் வடிந்தது. இருந்த ஒரே சுற்றளவும் போனதும் ஆள் இன்னும் ஒட்டிப்போய்த் தெரிந்தாள். பேச்சியம்மாவுக்கு அதுவே பிடி கிடைத்த மாதிரி ஆயிற்று. “பாத்தியாடா, இருந்த வயிறும் வத்திப்போச்சு” என்று மகன் செல்லசாமியிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். செல்லசாமி நல்லவன்தான். ஆனால் அம்மா பேசும்போது அவனுக்கு வாயும் இருக்காது, காதும் இருக்காது.

அப்புறம்தான் அது நடந்தது. ஒருநாள் கஞ்சி குடித்த நாகலெட்சுமிக்குப் பழையபடி வயிறு பிடுங்கிக்கொண்டு போனது. சுருண்டு கிடந்தவள் எழுந்ததும் நேராக மாமியாரிடம் போய்க் கேட்டாள். பேச்சியம்மா மறைக்கவில்லை.

“ஆமா, கஞ்சியில ஒரு பிடி மாவு போட்டேன். ஒடம்புல தெம்பு வரட்டும்னு போட்டேன். என்ன, வெஷத்தயா போட்டேன்?”

“எனக்கு அது வெஷந்தான் அத்தே.”

அன்று சாயந்திரம் நாகலெட்சுமி மூன்று கல்லைத் தூக்கி வந்தாள். அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்புத் திண்ணையில்தான் எல்லோருக்கும் சமையல். ஒரு மூலையில் பேச்சியம்மாவின் அடுப்பு இருந்தது. எதிர் மூலையில் இவள் கல்லைக் கூட்டினாள். ஒரு காம்பராவில் இரண்டு அடுப்பு எரிந்தால் குடும்பம் இரண்டாகிவிட்டது என்றுதான் லயத்தில் கணக்கு. செல்லசாமி ஓடி வந்தான்.

“லயமே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டுங்க. நான் செத்தா இதே லயம் ரெண்டு நாளு அழுவும். அப்புறம் ஒங்களுக்கு வேற பொண்ணு பாக்கும். நான் சாகப்போறதில்லைங்க.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். லயம் சிரிக்கத்தான் செய்தது. பேச்சியம்மா மருமகளோடு பேச்சை அறுத்துக்கொண்டாள். திட்ட வேண்டியதையெல்லாம் கோழியைப் பார்த்துத் திட்டினாள். பாவம், அந்தக் கோழி வாங்காத வசவு இல்லை. நாகலெட்சுமிக்கு அழுகை முட்டும். அழுதுகொண்டே குரக்கனைக் கிண்டுவாள். ஆனால் கிண்டாமல் விட்டதில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் உடம்பு பிடிக்க ஆரம்பித்தது. கன்னம் உப்பியது. கழுத்தெலும்பு உள்ளே போனது. முழங்கை வரை ஏறி இறங்கிய வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. ரவிக்கையின் கை இறுக்கிப் பிடிக்க, தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர் விழும் பீலியில் குளிக்கும்போது தன் தோளைத் தானே அமுக்கிப் பார்ப்பாள். சதை! அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. நிரம்பிய கூடையோடு மலை இறங்கியபோது கங்காணி இராமையாவே, “யாரு, நம்ம நோஞ்சியா?” என்று நின்று பார்த்தார்.

பேச்சியம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் பொழுது சாய, நறுக்கிய மாங்காயும் உப்பும் மிளகாயும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு எதிர் மூலைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“எத்தன மாசம்டியம்மா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இந்த அடுப்ப எடுத்துரு. புள்ளத்தாச்சி தனியாப் பொங்கித் தின்னா அந்தப் பாவம் எனக்குத்தான் வரும். ஒரு பொட்டு மாவு சேக்காம, நானே ஒனக்குச் சோறாக்கித் தாறேன்.”

இந்த வார்த்தைக்காகத்தானே நாகலெட்சுமி இத்தனை நாள் ஏங்கினாள்! வாசலில் செல்லசாமி வாயெல்லாம் பல்லாக நின்றான். ஒரு தலையாட்டு போதும், எல்லாம் சரியாகிவிடும். அவள் ஆட்டவில்லை.

“வயித்துல புள்ள இல்லத்தே. இது நான்தான்.”

பேச்சியம்மா நம்பாமல் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். கை மெல்ல விலகியது.

“புள்ளைக்கின்னா சோறாக்குவீங்க” என்றாள் நாகலெட்சுமி. “எனக்கு ஆக்குவீங்களா அத்தே?”

பேச்சியம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். “ஆக்கித் தாறேன்” என்று சொல்ல அவளுக்கு அடுத்த தீபாவளி வரை ஆயிற்று.

“ரொம்பச் சந்தோசம் அத்தே” என்றாள் நாகலெட்சுமி, மனதாரவே. அடுப்பை மட்டும் அவள் எடுக்கவில்லை.