கடையில் சொல்லாமல் விட்ட சொல்

அதீபா தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில், பெண்களுக்கான உள்ளாடைப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, “பாடி இருக்கா?” என்பார்கள். அவளும் அதே குரலில் சைஸ் கேட்பாள்.

அவள் கணவன் இத்ரீஸ் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டராக இருந்தவன். “நீ பாடி விக்கே, நான் பாடி கட்டுதேன். ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்புதான்” என்று சிரிப்பான். மூன்று வருடத்துக்கு முன் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனான்.

ஜனவரிக் கடைசியில் ஒரு மதியம், அவள் கடையில் இருந்தபோது கொழுந்தன் பரீது போன் செய்தான். இத்ரீஸ் வேலைத்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

“பாடி வர பத்து நாளாவது ஆகும்னு சொல்லுதாவ மைனி.”

“எந்தப் பாடி?” என்று கேட்டாள் அதீபா.

பரீது அழுதான். அவள் போனை வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்காகத் திறந்திருந்த நாலு பெட்டிகளையும் மூடி அடுக்கினாள். பிறகுதான் கூட வேலை பார்க்கும் அகிலாண்டேஸ்வரியிடம் சொன்னாள்.

பதினான்காம் நாள், திருவனந்தபுரத்தில் இறங்கி செங்கோட்டை வழியாக ஆம்புலன்சில் பெட்டி வந்தது. முகத்தை மட்டும் காட்டினார்கள். தாடியை யாரோ ஒழுங்காக வெட்டிவிட்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை.

வெளியே பட்டறை முதலாளி சண்முகநாதன் பரீதிடம் சொல்வது கேட்டது. “அவன் கட்டுன பாடி ஒண்ணுகூட ரிப்பேர்னு திரும்பி வந்ததில்ல தம்பி.”

வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாள் முடிந்து, ஜூனில் வேலைக்குப் போனாள். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, துண்டு வாங்குகிற கூட்டம் கடையில் நெரிந்தது. மூன்றாம் நாள்தான் கவனித்தாள். அவள் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் யாரும் பாடி என்று சொல்வதில்லை. எல்லாரும் ‘இன்னர்’ என்றார்கள்.

“ஏன்க்கா மாத்துனீய?”

“மொதலாளி சொன்னாவ” என்றாள் அகிலாண்டேஸ்வரி, முகத்தைப் பார்க்காமல். பொய் என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் கடையம் ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா, “பாடி எங்கன இருக்கு?” என்று கேட்டார்.

அகிலாண்டேஸ்வரி பதறினாள். “இன்னராம்மா? இன்னர் இங்கனதான்.”

“அதெல்லாம் எனக்கு வேண்டாம்மா” என்று அந்த அம்மா திரும்பினார்.

“பாடிதானேம்மா? இங்கன வாங்க” என்றாள் அதீபா.

சொல்லிவிட்டு, ஏதாவது ஆகும் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் அகிலாண்டேஸ்வரி மூக்கை உறிஞ்சினாள்.

“கொக்கி முன்னால வச்சதா, பின்னால வச்சதா?” என்று கேட்டுக்கொண்டே அதீபா மேல்தட்டுக்குக் கையை நீட்டினாள்.