என் மனைவி அடைத்த பல்

போன வைகாசியில், நெல்லியடிச் சந்தைக்குக் கிட்ட உள்ள ஒரு பல் வைத்தியரிடம் போன அன்று நடந்தது இது. பல்வலிக்குப் போன கதைதான். ஆனால் அவருடைய சாய்வுக் கதிரையில் படுத்துக்கொண்டு நான் அழுதேன், அதுவும் வலியால் அல்ல.

என் மனைவியும் பல் வைத்தியர்தான். பதினான்கு வருடங்களுக்கு முன் என் கடைவாய்ப் பல் ஒன்று சூத்தை விழுந்தபோது, பல்லின் நிறத்திலேயே அடைத்துவிட்டவள் அவள். கண்டிப்பான டொக்டர் என்று பெயர் எடுத்தவள். மற்ற நோயாளிகளைத் துண்டுச்சீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். என் முறை வந்ததும் கதவைத் திறந்து, அவ்வளவு சனத்துக்கும் முன்னால், வீட்டில் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே, "இஞ்சாருங்கோ, வாங்கோ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒட்டும் பசை பூசும்போது பல்லில் துளி ஈரமும் இருக்கக்கூடாதாம். பஞ்சு வைத்து, காற்றடித்துக் காயவிட்டு, பசையைத் தடவிக்கொண்டே, "இஞ்சாருங்கோ, வாயை மூடிப்போடாதேங்கோ" என்றாள். வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பதில் சொல்லிப் பழகிய வாய். "ஓம்" என்று மூடிவிட்டேன். எச்சில் பட்டுவிட்டது. எல்லாவற்றையும் கழுவி முதலில் இருந்து தொடங்கினாள். "உங்களுக்குச் செய்யிற நேரத்துக்குப் பத்துப் பேருக்குச் செய்யலாம்" என்று ஏசினாள். முகக்கவசத்துக்கு மேலால் கண் மட்டும் சிரித்தது.

அவள் போய் மூன்று வருடமாகிறது. புற்றுநோய். சேலைகளை அவளுடைய சகோதரிமார் கொண்டுபோனார்கள். கருவிகளை அவளோடு படித்த ஒருவருக்குக் கொடுத்தேன். அவள் கையால் செய்து என்னிடம் மிஞ்சியது இந்த அடைப்பு ஒன்றுதான் என்று எனக்குள் ஒரு எண்ணம். விசர் எண்ணம் என்றாலும் பரவாயில்லை, எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

போன வருடம் அந்தப் பல் குளிர்தண்ணீருக்குக் கூசத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் அடைப்பின் ஓரத்தில் மெல்லிய மண்ணிறக் கோடு. வைத்தியரிடம் போனால் கழற்றிவிடுவார் என்று பயம். மற்றப் பக்கத்தால் சாப்பிட்டு எட்டு மாதத்தைக் கடத்தினேன். பிறகு வலி பொறுக்க முடியாமல்தான் போனேன்.

"ஐயா, ஒட்டு விட்டுப்போச்சு. உள்ளுக்குச் சூத்தை பரவியிருக்கு. எல்லாத்தையும் கழட்டவேணும்" என்றார் டொக்டர்.

"கொஞ்சமாவது விட ஏலாதோ?" என்று கேட்டு, அதைச் செய்தது யார் என்றும் சொன்னேன்.

அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "எந்த ஒட்டும் வாய்க்குள்ளை இருக்கிற ஈரத்திலை கொஞ்சம் கொஞ்சமாத் தளரும். இவ்வளவு காலம் நிண்டது அவ வடிவாச் செய்ததாலைதான். கோடு தெரிஞ்ச உடனை வந்திருந்தால் ஓரத்தை மட்டும் திருத்திப்போட்டு மிச்சத்தை அப்பிடியே விட்டிருப்பன்."

காப்பாற்றுகிறேன் என்று எட்டு மாதமாய் நானே அதை அழித்திருக்கிறேன். கழற்றச் சொல்லி வாயைத் திறந்தேன்.

சூத்தைப் பக்கம் உடனே கழன்றது. மற்றப் பக்கம் இலேசில் வரவில்லை. "இந்தப் பக்கம் இன்னும் பல்லை விடுகுதில்லை, ஐயா" என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக அராவித்தான் எடுத்தார். என் கண்ணீர் காதுப் பக்கமாய் வழிந்தது. நோகிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

புது அடைப்பில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் அவள் வேணும்போல இருக்கிற நாட்களில் என் நாக்கு தானாகவே அந்தப் பல்லைத் தேடிப் போகிறது; கோடு தெரிந்த அன்றே பயப்படாமல் வைத்தியரிடம் போயிருந்தால் அவள் இன்னும் அங்கே இருந்திருப்பாள் என்ற நினைப்பு மட்டும் என்னை விட்டுப் போவதே இல்லை.