மரியரஞ்சனி விசாரிக்கும் விதம்

நீதிமன்றத்தின் கதவைத் தள்ளுவதற்கு முன்பே மரியரஞ்சனி கம்பளித் தொப்பியைக் கழற்றி மேலங்கிப் பைக்குள் வைத்துவிடுவார். பனி கொட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். உள்ளே போனதும் ஓரமாக நின்று பனிச் சப்பாத்தைக் கழற்றி ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு, மாதா கோயிலுக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்தை மாட்டுவார். இந்தக் கட்டடத்துக்குள் சப்பாத்து மாற்றுகிற வேறொருவரை யாரும் கண்டதில்லை. வாசலில் நிற்கும் காவலாளி முதலில் புதினமாகப் பார்த்தான். இப்போது அந்தப் பையை வைக்கத் தன் கதிரைக்குப் பக்கத்தில் இடம் விட்டுத் தருகிறான்.

அடுத்தது சுவரில் இருக்கும் பட்டியல். அன்றைக்கு எந்த அறையில் யாருடைய வழக்கு என்று அதில் போட்டிருக்கும். மேலிருந்து கீழாக அதை ஒருதரம் பார்ப்பார். பெரும்பாலும் ஒருவரையும் தெரியாது. தெரியாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி, நெஞ்சில் சின்னதாகச் சிலுவை போட்டுக்கொள்வார். குற்றம் செய்தவருக்காகவா செபம், பாதிக்கப்பட்டவருக்காகவா என்று கேட்டால், “அதைப் பிரிச்சுப் பாக்கத்தானே மேலை நீதவான் இருக்கிறார். எனக்கேன் அவரின்ரை வேலை?” என்பார்.

பேசாலை என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். ஒஸ்லோவின் வெஸ்ட்லியில், சுரங்க ரயில் போய் முடிகிற இடத்தில் இருக்கிற உயரக் கட்டடம் ஒன்றில் கணவர் லூக்காசுடன் குடியிருக்கிறார். வேலை, முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில். நோர்வேஜிய மொழி பேசுவார். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ‘உன்ஷில்’ என்று ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். நன்றி சொல்வதற்கு முன்பும் மன்னிப்புக் கேட்பார். நீதிமன்றத்தில் தீர்ப்புப் பிரதிகள் கொடுக்கிற யன்னலில் இருக்கும் பெண்ணுக்கு இது பழகிவிட்டது. இவர் வாய் திறக்க முன்பே, “மன்னித்துவிட்டேன் மரியா, இன்றைக்கு எந்த வழக்கு?” என்று கேட்டுச் சிரிப்பாள்.

மரியரஞ்சனிக்குச் சொந்தமாக ஒரு வழக்கும் இல்லை. அவர் போவதெல்லாம் மற்றவர்களுக்காக.

நம்மவர்களிடையே ஒரு கலியாணம் பேசினால் விசாரிப்பதுதான் முதல் வேலை. பொடியன் எப்படி, குடிப்பானா, கைநீட்டுவானா என்று நாலு இடத்தில் கேட்டுத்தான் மேற்கொண்டு கதைப்பார்கள். ஒஸ்லோவில் யாரிடம் போய்க் கேட்பது? பக்கத்து வீட்டு நோர்வேஜியனைக் கேட்டால், “நல்ல மனிதர், வாசலில் பனியை ஒழுங்காக வழிப்பார்” என்பான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்தது, தீர்ப்பின் பிரதியை யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம் என்ற செய்தி மெல்ல மெல்லச் சனத்துக்குள் பரவியது. கேட்கலாம்தான். எப்படிக் கேட்பது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

மரியரஞ்சனிக்கும் தெரியாமல்தான் இருந்தது. தன்னுடன் வேலை செய்த பெண்ணொருத்தியைக் காரால் மோதியவனின் தீர்ப்பு, காப்புறுதிக்காரருக்குக் காட்டத் தேவைப்பட்டது. அதை எடுக்க முதல் தடவை போனபோது அந்த மனிதனின் பெயரை யன்னலில் சொன்னார். “நாங்கள் ஆளைத் தேடித் தருவதில்லை. எந்த வழக்கு, எப்போது நடந்தது, இலக்கம் என்ன? அதைச் சொன்னால் வழக்கைத் தேடித் தருவோம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய பத்திரிகையில் விசாரணை நடந்த நாளைத் தேடிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் போனார். பிரதி கிடைத்தது.

மற்றவர்களுக்கு இது கரைச்சலான நடைமுறை. மரியரஞ்சனிக்கு அது பிடித்துப்போனது. “ஆர் ஆள் எண்டு தேடமாட்டினமாம். என்ன நடந்தது எண்டதைத்தான் தேடுவினமாம். நல்ல ஒழுங்குதானே! பாவசங்கீர்த்தனத்திலையும் சுவாமி பேரையோ கேக்கிறார்?”

இதிலிருந்துதான் அவருடைய விசாரிப்பு முறை பிறந்தது. வழக்கின் இலக்கம் யாரிடம் இருக்கும்? வழக்கில் மாட்டியவரிடம். ஆகவே அவரிடமே கேட்பது. கேட்டு, அவரையே கூட்டிக்கொண்டு போவது. இரகசியமாக விசாரிக்கச் சொல்லி வந்தவர்கள் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார்கள். “உன்னட்டை விசாரிக்கச் சொன்னால் ஆளை ஏத்திக்கொண்டு ஊர்வலமல்லோ போறாய்,” என்று லூக்காஸ் பகிடி பண்ணுவார். பாதிப் பேர் அதோடு வருவதை விட்டுவிட்டார்கள். மரியரஞ்சனிக்கு அதில் மனவருத்தமில்லை.

பூமணி விட்டுப்போகிறவர் இல்லை. அவரும் அதே சலவைப் பகுதியில்தான் வேலை. அதே கட்டடத்தில்தான் வீடு. கணவர் இறந்த பிறகு மகள் துஷ்யாவே உலகம் என்றிருப்பவர். துஷ்யாவுக்கு மதுரன் என்ற பொடியனைப் பிடித்திருந்தது. ஹொல்ம்லியாவில் இருக்கிறான், மின்சார வேலை, பழக்கவழக்கமும் நல்லது. பூமணிக்கும் சம்மதமாகி, நிச்சயத்துக்கு நாளும் பார்த்தாகிவிட்டது. அப்போதுதான் அந்தக் கதை காதில் விழுந்தது.

இரண்டு பேரும் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறிக்கொண்டு நின்றார்கள்.

“ரஞ்சனி, மதுரன் கோட்டுக்குப் போனவனாம். ஆரையோ கத்தியாலை வெட்டிப்போட்டானாம். கலியாண ஹோலிலை எனக்குப் பின்னாலை இருந்து ரண்டு பேர் கதைச்சவை.”

“அவை கண்டவையாமோ?”

“காணேல்லை. ஆனா தெரியுமாம்.”

“காணாமலே தெரிஞ்சவை. கெட்டிக்காரர்தான்.”

“பகிடி விடாதை. உண்மையெண்டால் நான் இந்தக் கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவன். எனக்கு இருக்கிறது அவள் ஒருத்தி. நீ சத்தம் போடாமல் ஒருக்காப் போய்ப் பாத்துக்கொண்டு வாவன். பொடியனுக்குத் தெரிய வேண்டாம்.”

“அவனுக்குத் தெரியாமல் நான் போகமாட்டன், பூமணியக்கா. போனாலும் தரமாட்டினம். வழக்கு நம்பர் அவனிட்டைத்தான் இருக்கும்.”

“கள்ளனிட்டைப் போய்ப் பூட்டின்ரை திறப்பைக் கேக்கப் போறியோ? அவன் தருவானே?”

“தந்தானெண்டால் விசாரணை பாதி முடிஞ்சுதெண்டு வையுங்கோ,” என்று மரியரஞ்சனி தன் முனைகளைக் கொண்டுபோய்ப் பூமணியின் கையில் கொடுத்தார்.

அன்று பின்னேரம் மதுரனுக்குத் தொலைபேசி எடுத்தார். சுற்றி வளைக்கவில்லை. இன்ன கதை அடிபடுகிறது, பூமணியக்கா என்னைப் பார்க்கச் சொன்னவா, உம்மைக் கேளாமல் நான் பார்க்கமாட்டன் என்றார். மதுரன் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்.

“எப்ப போவம், அன்ரி?”

நீதிமன்ற வாசலில் மரியரஞ்சனி சப்பாத்து மாற்றும் வரைக்கும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பட்டியலுக்கு முன்னால் போய் நின்றான். அவர் சிலுவை போட்டு முடித்த பின்பும் அவன் கண் எடுக்கவில்லை.

“என்ன தம்பி தேடுறீர்?”

“என்ரை பேரை. சும்மா... ஒரு பயம்.”

“இண்டைக்கு இல்லை. நான் பாத்திட்டன். வாரும்.”

யன்னலில் வழக்கம்போல் மன்னிப்புக் கேட்டுவிட்டு மரியரஞ்சனி ஒதுங்கி நின்றுகொண்டார். மதுரன் வழக்கு இலக்கத்தைச் சொன்னான். கையில் துண்டுக் காகிதம் எதுவும் இல்லை. தன் தொலைபேசி இலக்கத்தைச் சொல்வதுபோல் தடக்கமில்லாமல் சொன்னான். யன்னல் பெண் அவனுடைய அடையாள அட்டையை ஒருமுறையும் முகத்தை ஒருமுறையும் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் தீர்ப்பை அச்செடுத்து மூலையில் ஓர் ஊசி அடித்துக் கொடுத்தாள்.

வெளியே வரும் வழியில் இருந்த வாங்கில் இருவரும் அமர்ந்தார்கள். மரியரஞ்சனி சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி அவனிடம் நீட்டினார். அவன் வாங்கினான். குடிக்கவில்லை.

“கத்தி இல்லை, அன்ரி.”

“ம்.”

“சத்தியமா இல்லை. ஹொல்ம்லியா ஸ்ரேசனிலை, குடிவெறியிலை ஒருத்தனோடை வாய்த்தர்க்கம் வந்து கையாலை அடிச்சனான். பல்லு உடைஞ்சுது. அதை துஷ்யாவுக்கும் சொல்லியிருக்கிறன்.” தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஆனா இந்த டொம்மிலை இன்னொண்டும் எழுதியிருக்கு. அது ஒரு சனத்துக்கும் தெரியாது. அவளுக்கும் சொல்லேல்லை.”

தீர்ப்பை இங்கே வளர்ந்த பிள்ளைகள் டொம் என்றுதான் சொல்வார்கள்.

“அவன் விழுந்தாப்பிறகு நான் உதைச்சனான், அன்ரி. விழுந்து கிடந்தவனை.”

மரியரஞ்சனி அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. போத்தலின் அடைப்பை இறுக்கினார்.

“நீங்கள் போய்க் கத்தி இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோவன். நீங்கள் சொன்னால் துஷ்யாவின்ரை அம்மா நம்புவா. அது பொய்யில்லைத்தானே?”

“பொய்யில்லை.”

“அப்ப சொல்லுவியளோ?”

“அரைவாசியைச் சொல்லிப்போட்டு நாளைக்கு அவவுக்கு முன்னாலை நிண்டு துணி மடிக்க என்னாலை ஏலாது, தம்பி. நான் ஒண்டுமே சொல்லமாட்டன். கத்தி இல்லையெண்டும் சொல்லன், மற்றதையும் சொல்லன். நீரே வாசியும்.”

“கலியாணம் நிண்டுபோம்.”

“போகலாம்,” என்றார் மரியரஞ்சனி. அப்படி இல்லை, எல்லாம் சரிவரும் என்று அவர் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, “நான் மன்றாடிக்கொண்டிருப்பன். ஆனா வாசிக்கிறது நீர்,” என்றார்.

அவன் அதற்குச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தான்.

வெஸ்ட்லிக்கு இருவரும் சுரங்க ரயிலில் போனார்கள். மேலங்கிப் பைக்குள் மரியரஞ்சனியின் விரல்கள் செபமாலை மணிகளில் நகர்ந்துகொண்டிருந்தன. இடையில் ஒரு தரிப்பில் கதவு திறந்தபோது மதுரன் எழுந்து நின்றான். இறங்கிவிடப் போகிறானோ என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். குழந்தை வண்டியோடு ஏறிய ஒரு பெண்ணுக்கு இடம் விட்டுவிட்டு அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் மறுபடியும் கண்ணை மூடினார்.

பூமணி வீட்டில் மேசையில் தேத்தண்ணியும் வடையும் வைத்திருந்தது. சோபாவின் நுனியில் துஷ்யா இருந்தாள். அவளுக்கு இன்றைய பயணத்தைப் பற்றித் தெரியும். ஆனால் தனக்குத் தெரியாதது எதுவும் அந்தக் காகிதத்தில் இருக்காது என்று நம்பியிருந்தாள். பூமணி பொடியனைப் பார்க்காமல் மரியரஞ்சனியைப் பார்த்தார்.

“சொல்லு ரஞ்சனி.”

“என்னட்டை ஒண்டுமில்லை, அக்கா. தம்பியிட்டைத்தான் எல்லாம்.” அவர் மதுரனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டார்.

மதுரன் காகிதத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு வசனமாக வாசித்துத் தமிழில் சொன்னான். எந்த ஆண்டு, எந்த ஸ்ரேசன், எத்தனை மணி. இருவரும் குடித்திருந்தது. வாக்குவாதம் வந்தது. இவன் முதலில் கைநீட்டியது. மற்றவனின் முன்பல் உடைந்தது.

“கத்தி?” என்றார் பூமணி.

“கத்தி இல்லை, அன்ரி. ஒரு இடத்திலையும் இல்லை.”

பூமணி நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். “பாத்தியே ரஞ்சனி, இந்தச் சனத்தின்ரை வாயை! பச்சைப் பொய். இளந்தாரியள் எண்டால் ஒருக்கா அடிபடுவினம்தான், அதுக்குக் கத்தி வைச்சுக் கதை கட்டுறதே? காணும் தம்பி, வாசிச்சது காணும். எனக்கு விளங்கிட்டுது. அதை மடிச்சு வையும். தேத்தண்ணி ஆறப்போகுது.” வடைத் தட்டை அவன் பக்கமாகத் தள்ளிவிட்டார். துஷ்யாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

மதுரனின் கை காகிதத்தின் ஓரத்துக்குப் போனது. மடிக்கத் தொடங்கினான்.

மரியரஞ்சனி வலது கையை நீட்டி, அவன் நிறுத்திய வரிக்கு அடுத்த வரியின் கீழே சுட்டுவிரலை வைத்தார்.

காகிதம் மடியவில்லை. மதுரன் அந்த விரலையே பார்த்தான். பிறகு வாசித்தான். தமிழில் சொல்லும்போது அவன் குரல் யாரோ சின்னப் பிள்ளையின் குரல்போல் இருந்தது.

“விழுந்து கிடந்தவனை... நான்... காலாலை உதைச்சனான். தலைப்பக்கமா.”

துஷ்யா அவனைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். பூமணி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார்.

மரியரஞ்சனி இடது கையால் பூமணியின் கையை எட்டிப் பிடித்தார். இழுக்கவில்லை, விடவுமில்லை. பூமணி பாதி எழும்பியபடியே நின்றார். தீர்ப்பில் இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. வலது கை விரலைக் காகிதத்திலிருந்து எடுக்காமலே மரியரஞ்சனி அதை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.