லுங்கிச் சும்மாடு

எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காடு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த சந்தில், எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஒரு தையல் கடை திறந்தேன். திறந்தேன் என்று சொல்வதுதான் சரி. நடத்தினேன் என்று சொல்வதற்கு ஆள் வர வேண்டுமே! ஒரு கால்மிஷின், ஒரு கத்தரிக்கோல், சுவரில் ஒரு கண்ணாடி, நடுவில் நான். காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டு ஆடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதற்கும் ரவிக்கை தேவைப்படவில்லை.

என் வீட்டுக்காரர் ஏரியில் அடுத்தவர் வலைக்குப் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வருஷம் இறால் சரியாக விழவில்லை. மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவருடைய அண்ணன், "வந்துடு, எடம் பாத்து வச்சிகீறேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். எனக்குப் போக மனமில்லை. அங்கே ஒண்டுக்குடித்தனத்தில் மிஷின் போட இடம் இருக்காது. மிஷினுக்கு இடமில்லாத வீட்டில் எனக்கும் இடமில்லை என்றுதான் நான் நினைத்தேன். சண்டை போட்டேன், அழுதேன், சோற்றைத் தட்டில் நங்கென்று வைத்தேன். கடைசியில் வீட்டுக்காரர் ஒரு தவணை கொடுத்தார்.

"வாடக் காத்து புடிக்கிற வரிக்கும் பாரு. அதுக்குள்ள கடைக்கு ஜனம் வரலன்னா கெளம்பிடணும். அப்பறம் அயக்கூடாது."

சரி என்றேன். அப்போது ஆடி மாதம். வாடை ஐப்பசியில் பிடிக்கும்.

பொன்னேரியில் ஓர் அச்சகத்தில் ரோஸ் நிறத்தில் நோட்டீஸ் அடித்து வந்தேன். நல்ல கெட்டியான காகிதம். கடை இருக்கும் சந்து, ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூட யூனிபாரம் எல்லாம் அதில் இருந்தன. பஸ் நிறுத்தத்தில் நின்று கண்ணில் பட்ட பெண்களுக்கெல்லாம் கொடுத்தேன். அதிகமாக வாங்கிக்கொண்டவர்கள் மீன்காரப் பெண்கள். குப்பங்களிலிருந்து படகில் ஏரியைக் கடந்து வந்து, கூடைகளோடு காலை பஸ் ஏறி, திருப்பாலைவனம், பொன்னேரி, அனுப்பம்பட்டு என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகிறவர்கள். அவர்கள் கைநீட்டிக் கேட்டு வாங்கியபோது எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன், அவர்களில் ஓர் அக்கா பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், என் நோட்டீஸைக் கூம்பாகச் சுருட்டி அதில் காய்ந்த சென்னாக்குன்னி இறாலைக் கொட்டி மடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

"இன்னாக்கா, நான் ஊரெல்லாம் தெரியணும்னு அடிச்சினு வந்தா, நீ பொட்டலம் கட்டினு கீற?"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காயிதம் கெட்டியா கீது தங்கச்சி. இன்னும் இருந்தா குடேன்."

வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு வந்தேன். அந்தக் கோபம் நியாயமானது என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் அதற்கு மறுவாரம் ஒரு பெண் என் கடை வாசலில் வந்து நின்றாள். திருப்பாலைவனத்தில் நெல் விளைகிற வீட்டுக்காரி. கையில் கசங்கிய ரோஸ் காகிதம். சந்து முழுக்க அதன் வாசனை.

"மீன்காரம்மா கட்டிக் குடுத்தாங்க. பிரிச்சா எழுத்து இருந்துச்சு. இன்னாதுன்னு கேட்டேன். எங்க ஊரு பொண்ணுதான், போய்ப் பாருன்னாங்க."

காகிதத்தைப் பார்த்து மட்டும் அவள் வரவில்லை. அந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தைக்காக வந்திருக்கிறாள். அதுவும் நான் அத்தனை திட்டிய பிறகு! எனக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மீன்காரப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் வாடிக்கை வீடுகள் உண்டு. ஒருத்தியின் வீட்டுக்கு இன்னொருத்தி கூடை இறக்க மாட்டாள். வருஷக்கணக்காக அதே வாசல், அதே மனிதர்கள். மீன் வாங்க வருகிறவள் மாமியார் குறை சொல்வாள், மகளுக்கு மாப்பிள்ளை விசாரிப்பாள். அப்படிப்பட்ட வாசலில் நின்று சொல்லப்படும் வார்த்தைக்கு முன்னால் என் அச்சகம் எம்மாத்திரம்?

உடனே அந்த அக்காவுக்கு ஒரு ரவிக்கை தைத்தேன். உள்பக்கம் சில்லறை வைக்க ஒரு பை, முதுகில் கொஞ்சம் தளர்ச்சி, எல்லாம் பார்த்துப் பார்த்து. பஸ் நிறுத்தத்தில் எல்லார் எதிரிலும் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

மறுநாள் ஒருத்தியும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நோட்டீஸை நீட்டினால் கை நீளவில்லை. ஒருத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் அக்காவே கடைக்கு வந்து, மடித்த மடிப்புக் கலையாமல் ரவிக்கையை மிஷின் மேல் வைத்தாள்.

"நீயே வச்சிக்கோ."

"அளவு சரியில்லையாக்கா?"

"அளவெல்லாம் இல்ல. ஒண்ணா போறோம், ஒண்ணா வரோம். ஒரு வெத்தல கெடச்சாலும் கிள்ளித்தான் போட்டுக்கறோம். எனக்கு மட்டும் ரவிக்கன்னா அவுங்க மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

அக்கா போன பிறகு ரவிக்கையை எடுத்து உள்ளே வைத்தேன். வலைக்குப் போகிறவனின் பெண்டாட்டி நான். பிடித்த மீனில் எல்லாருக்கும் பங்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தையல் என்று வந்ததும் அது மறந்துபோயிற்று. எல்லாருக்கும் ரவிக்கை தைக்க என்னிடம் துணி இல்லை. எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி என்னதான் இருக்கிறது?

பதில் அவர்கள் தலையிலேயே இருந்தது. கூடைக்கு அடியில் வைக்கும் சும்மாடு. கிழிந்த கோணித் துண்டையும் பழம்புடவையையும் சுருட்டி வைத்திருப்பார்கள். மீன் தண்ணீர் ஊறி நெற்றியில் வழியும். நடக்க நடக்க அவிழும். ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அதைச் செருகிக்கொண்டே போவார்கள். பஞ்சு மெத்தை மாதிரி வளையமாகத் தைத்துக் கொடுத்தால்?

உள்ளே திணிக்க என் பழைய புடவைகள் இருந்தன. மேல்துணிதான் சிக்கல். ஒருத்திக்குப் பூப்போட்டதும் இன்னொருத்திக்குக் கோடு போட்டதும் கொடுத்தால் மறுபடி அதே கதை. எல்லாருக்கும் ஒரே துணி வேண்டும், கெட்டித் துணியாக வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. மெட்ராஸுக்குக் கட்டிக்கொண்டு போக என்று அவருடைய அண்ணன் வாங்கி அனுப்பியிருந்த நீலக்கட்டம் போட்ட புது லுங்கி. வீட்டுக்காரர் அதை டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். எடுத்தேன், விரித்தேன். கத்தரிக்கோல் அன்றைக்குத்தான் நன்றாக வேலை செய்தது.

அடுத்த நாள் எல்லாவற்றையும் பஸ் நிறுத்தத்தில் குவியலாகக் கொட்டி, "உங்க எல்லாருக்கும்தான், ஒண்ணு போல தச்சிகீறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்து நின்றேன். யாரும் நன்றி சொல்லவில்லை. ஆனால் குவியல் காலியாயிற்று. அக்கா ஒன்றைத் தலையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "அந்த ரவிக்கைய அப்பறமா ஒரு விசேஷத்துக்கு எடுத்துக்கறேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு அவர்களுடைய வாடிக்கை வீடுகளிலிருந்து அளவு ரவிக்கைகள் வர ஆரம்பித்தன. பிளாஸ்டிக் பையில் சுற்றி, புதுத் துணியோடு சேர்த்து, காலிக் கூடைக்குள் போட்டுச் சாயங்கால பஸ்ஸில் கொண்டுவருவார்கள். "சும்மாடு தச்சவ கையாலதான் தைக்கணுமாம்" என்பார்கள். நான் தைத்துத் தைத்து அடுக்கினேன். தைத்ததைக் கூடையில் திருப்பி அனுப்பியபோதுதான் கஷ்டம். முதலில் போன ரவிக்கையைத் தோய்த்தும் மீன் வாசனை போகவில்லையாம். "வேணாம்மா, தீபாவளிக்கு முன்ன நாங்களே வந்து வாங்கிக்கறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

சொன்னார்களே தவிர யாரும் வரவில்லை. ஐப்பசி பிறந்தது. ஒரு காலையில் வடக்கிலிருந்து சில்லென்று காற்று வந்து கதவை அறைந்தது. என் வீட்டுக்காரர் ஏரிப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடுக்கி வச்சதெல்லாம் ஏவாரமா? ஜனம் எங்கமே?"

அவர் முன்னால் மெட்ராஸுக்குப் போவது, நான் தைத்ததை ஒப்படைத்துவிட்டுப் பின்னால் போவது என்று முடிவாயிற்று. பெட்டி கட்டியது நான்தான். லுங்கியைப் பற்றி மூச்சு விடவில்லை. சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட நிறுத்தத்துக்குப் போனோம். பெட்டி அவர் தோளில்.

பஸ் வந்து நின்றது. முதலில் அக்கா இறங்கினாள். தலையில் காலிக் கூடை, அதற்கு அடியில் நீலக்கட்டம். பின்னால் இன்னொருத்தி, நீலக்கட்டம். அதற்குப் பின்னால் இன்னொன்று. என் வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கினார்.

"இன்னாமே இது? என் லுங்கி மாதிரி கீது?"

"மாதிரி இல்ல. அதேதான்."

அவர் வாயைத் திறப்பதற்குள், மீன்காரப் பெண்களுக்குப் பின்னால் வெளியூர்ப் பெண்கள் இறங்க ஆரம்பித்தார்கள். கையில் துணிப்பை, இடுப்பில் குழந்தை. புதுத் துணியும் மஞ்சள் பையுமாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அக்கா திரும்பி நின்று, மீன் விற்கிற அதே குரலில் கூவினாள்.

"வாங்கம்மா, வாங்க! இந்தச் சந்துதான். நம்ம பொண்ணு கடதான்!"

கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இவரைப் பார்த்தார். "ஏறுறியாப்பா, இன்னா?"

இவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை. சந்துக்குள் போகும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அவ்ளோ பேரு வந்தா குந்துறதுக்கு எடம் வேணாமா?" என்றார். பெட்டியைத் தோளில் வைத்தபடியே எனக்கு முன்னால் சந்துக்குள் நடந்தார்.

கடை வாசலில் பெட்டியை இறக்கி, தோளில் கிடந்த துண்டால் மேலே தட்டித் துடைத்தார். இரண்டு பெண்கள் உடனே உட்கார்ந்துகொண்டார்கள். அவருடைய சட்டையெல்லாம் அதற்குள்தான் இருந்தது. எடுக்க வேண்டுமானால் யாராவது எழுந்திருக்க வேண்டும். தீபாவளி வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.