காடைக்கு நேர்ந்துவிட்ட திடல்

புக்கிட் பாருவில் என் வீட்டு முன்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மரமுளையை அண்டக் கொடுத்திருக்கிறேன். மாடு கட்டும் முளை. செங்கால் மரத்தில் செதுக்கியது. இரும்பு மாதிரி கனம். வருகிறவர்கள் காலில் இடித்துக்கொண்டு, "இதையெல்லாம் ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்று முகம் சுளிப்பார்கள். அக்காளின் ஞாபகமாக என்று சொல்லி வைப்பேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி எரிச்சல். முப்பது வருஷம் என் பெயரைக் கெடுத்த முளை இது.

ஜப்பான்காரன் காலத்தில் அத்தான் காய்ச்சலில் படுத்தார். அரிசி இல்லை, மருந்து இல்லை. காஜா பேராங்கில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் தலைமுறைகளாக மலாய் பேசும் ஒரு செட்டிக் குடும்பத்தின் பழைய வயல் திடலாகக் கிடந்தது. அக்காள் அதை வாடகைக்கு எடுத்து மாடு மேய்த்து வந்தாள். அந்தத் திடலில் காடைகள் நிறைய. கண்ணி வைத்துப் பிடித்துத் தினமும் அத்தானுக்குச் சாறு வைத்துக் கொடுத்தாள். கடைசிக் காடையையும் பிடித்த பிறகு திடல் ஊமையாகிவிட்டது. அன்றைக்கு மாரியம்மன் முன்னால் நின்று, "இவரு எழுந்து உக்காந்துட்டா, இந்தத் திடல்ல மறுபடியும் காடை கத்தும். இவரு இருக்குற வரைக்கும் அந்தச் சத்தம் நிக்காம நான் பாத்துக்குவேன்" என்று நேர்ந்துகொண்டாள். அத்தான் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

அம்மனுக்கு நேர்ந்துவிட்ட இடத்தை அக்காள் கோயிலாகவே ஆக்கிவிட்டாள். நாலு பக்கமும் மூங்கில் வேலி, மூலைக்கு மூலை மஞ்சள் துணி, வாசலுக்கு ஒரு மூங்கில் படல். உள்ளே மாடு போகக்கூடாது, பாராங் கத்தி போகக்கூடாது, செருப்புக் கால் படக்கூடாது. முதல் சில வருஷம் காடைகள் திரும்பி வந்தன. தூரத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்குவதுபோல அந்தச் சத்தம் கேட்டால் அக்காள் கையில் இருக்கும் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவாள். பிறகு லாலான் புல் ஆள் உயரத்துக்கு எழுந்தது. அடியில் காய்ந்த தாள் மெத்தையாக அடைத்துக்கொண்டது. காடை பறப்பதைவிட ஓடுவதுதான் அதிகம். அதற்கு ஓடத் தரை வேண்டாமா? ஒளிய நாலு புதர், பொறுக்கித் தின்னக் கொஞ்சம் வெட்ட வெளி, நடுவே குட்டைப் புல், இவ்வளவுதான் அதற்குத் தேவை. அதைச் செய்து கொடுப்பது மாட்டின் வாயும் குளம்பும். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் காடைச் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் செட்டியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "புயூ சுடா லாரி லா" என்றாள். காடை ஓடிப்போச்சு என்பதை மலாயில் சொன்னாலும் அக்காளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதே மாதம் அத்தானுக்கு இருமல் தொடங்கியது. நேர்ந்துகொண்ட வாக்கு தவறிவிட்டது என்று அக்காளின் முகம் கறுத்துப் போனது.

நான் அப்போது நகராட்சியில் புல் வெட்டும் ஆள். கொண்டாட்டத்துக்காகப் பண்டார் ஹிலிர் முழுக்க வெட்டிக் கை மரத்துப்போய் வருவேன். புல்லைப் பற்றி இந்த வீட்டில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "அக்கா, பழைய லாலானைக் கோடு கோடா வெட்டி விடுறேன். தளிர் வந்ததும் மாட்டை ஓரொரு மூலையா மாத்திக் கட்டு. புதரத் தொடாம விடுவோம். காடை தானா வரும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "ஆத்தா எடத்துல மாடு மேய விடச் சொல்றியா? ஒங்க அத்தான் இருக்கறது ஒனக்குப் பிடிக்கலையா?" என்பாள். அங்கே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் காடைகளும் நிறைய இருந்தன என்று நினைவுபடுத்தினால், வேலிக்கு இன்னொரு மஞ்சள் துணி கட்டுவாள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அவளிடம் இருந்த ஏழு மாடுகளில் சிவப்பி என்பது அடங்காத மாடு. எந்த முளையையும் பிடுங்கிவிடும். அதனால் ஒருநாள் சாயங்காலம் வேலி ஓரத்தில் இந்தச் செங்கால் முளையை, நாலு விரல் மட்டும் வெளியே தெரியும்படி, சம்மட்டியால் அடித்து இறக்கினேன். மறுநாள் காலையில் அக்காளின் கூச்சல். "சிவப்பி முளையப் பிடுங்கிக்கிட்டு உள்ள பூந்துருச்சு!" ஓடிப்போய்ப் பார்த்தால் படல் கீழே கிடக்கிறது, முளை புல்லில் கிடக்கிறது, சிவப்பி லாலானை மிதித்துத் துவைத்துக்கொண்டு நிற்கிறது. மாட்டை வெளியே இழுக்கப் போனேன். "விடுடா. ஆத்தாளே கூப்பிட்டிருக்கா. பாராங்க எடுத்துக்கிட்டு வராம என்னாத்தப் பாத்துக்கிட்டு நிக்குற?" என்றாள். ஒரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். பெயர் வாங்கியது மாடு.

அந்த வாரமே அக்காள் வழுக்கி விழுந்தேன் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். ஏழு மாட்டுக்கும் நான்தான் பால் கறந்தேன். பிறகு, நான் சொன்னதையெல்லாம் ஆத்தாள் சொன்னதாகச் சொல்லிச் செய்யவைத்தாள். ஒரு மூலையில் பத்து நாள் மேய்ச்சல், பிறகு அடுத்த மூலை. காடை முட்டை வைக்கும் மூலையில் மாட்டைக் கட்டக்கூடாது. சில மாதங்களில் ஒரு விடியலில் அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அத்தானின் இருமலும் எப்போதோ நின்றிருந்தது. அக்காள் அழுதாள். நானும் அழுதேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் அவள் என்னைக் காட்டி, "இவன் அடிக்கிற முளை நிக்காது. அதனாலதான் மாடு பூந்துச்சு" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாள். மழையில் மண் இளகியிருக்கும் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

அத்தான் நன்றாக வாழ்ந்து, எண்பதைத் தாண்டிப் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அக்காள் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். இந்த முளையை என் மடியில் வைத்தாள்.

"இனி சொல்லலாம். நேந்துக்கிட்டவ நான், நானே மாட்ட உள்ள விட்டா வாக்குத் தவறுனதா ஆயிடும். மாடு தானா உள்ள போனா அது ஆத்தா பொறுப்பு. நீ சொன்னது சரின்னு தெரிஞ்சுதான் இருட்டு பிரியறதுக்குள்ள வந்து பிடுங்கினேன். ரெண்டு கையாலயும் ஆட்டி ஆட்டி… இடுப்பே போச்சு. ஒரு மாட்டுக்கு எவன்டா இவ்வளவு ஆழமா அடிப்பான்?"

முப்பது வருஷம் கழித்தும் எனக்கு வசவுதான்.

அக்காளும் போய்விட்டாள். திடலில் இப்போது வரிசையாகக் கடைவீடுகள். காடை கத்த ஒரு பிடி புல் இல்லை. என் வீட்டில் சாயங்காலக் காற்று கதவைத் தள்ளிப் பார்க்கிறது. முளை அசையவில்லை. நான் வைக்கிற முளை நிற்கும், அக்கா.