பின்னாடி வாரா

எங்கள் வீட்டில் பள்ளிப் பதிவேட்டில் ஏறிய முதல் பெயர் என்னுடையது. அதைச் சொல்வதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு. அப்பா சிறுவயதிலேயே காட்டு வேலைக்குப் போய்விட்டவர். அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று பள்ளியில் சொன்னதோடு அவருடைய படிப்பு தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. "உன் பேரு வாத்தியாரு வாயில வருதுல்ல, எனக்கு அது போதும்லா" என்பார்.

நான் ஆறாம் ஆண்டுக்குப் போனபோது அந்தப் பெயருக்கே ஆபத்து வந்தது. கோவிட் காலம். பள்ளி ஆண்டு திறந்தது, பள்ளியின் கேட் திறக்கவில்லை. பாடமெல்லாம் கைப்பேசியில் என்றார்கள். மலேசியாவின் ஈப்போ நகருக்கு வெளியே, எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்து வீடுகள் ஒரு சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருந்தன. குன்று நிழல் தந்தது. சிக்னல் தரவில்லை.

அம்மாவின் தம்பி, லோரி ஓட்டும் மாமா, கைப்பேசியைத் தலைக்குமேல் பிடித்தபடி தோட்டம் முழுக்க நடந்தார். கடைசியில், முன்பு ரப்பர் பால் எடைபோட்ட கொட்டகையில் சிக்னல் கிடைத்தது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபின் அங்கே ஆடுகள்தாம் குடியிருந்தன. ஆடுகளை வெளியேற்றிவிட்டு எங்களைக் குடியேற்றினார்கள். கோயில் நாற்காலிகள் வந்தன. நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து அவற்றை எட்ட எட்டப் போட்டார்கள். பந்தல் வாடகைக்கு விடுபவர், கல்யாணமே நடக்காமல் சும்மா கிடந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து ஒழுகும் கூரைமேல் கட்டினார். வீடு வீடாகப் பழைய கைப்பேசிகள் சேர்ந்தன. ஒன்றில் கண்ணாடி விரிசல், இன்னொன்றை இரண்டு தட்டுத் தட்டினால்தான் பேசும். மளிகைக்கடை அக்கா தினமும் ஒரு பெரிய கேத்தல் நிறையக் கோப்பி கொண்டுவந்து வைப்பார்.

இத்தனை செய்த பெரியவர்களில் பலருக்கு உள்ளே என்ன பாடம் நடக்கிறது என்பது தெரியாது. பெயர் கூப்பிடுவது மட்டும் நன்றாகத் தெரியும். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். பெயருக்குக் குரல் வராவிட்டால் அன்றைய வேலை போயிற்று. அதனால் வராதவருக்காகப் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுப்பது வழக்கம்: "வாராங்க ஐயா, பின்னாடி வாராங்க."

ஆசிரியர் வருகை எடுக்கத் தொடங்கியதும் கொட்டகையில் இருந்த பெரியவர்கள் விறைப்பாகிவிடுவார்கள். டேட்டா தீர்ந்துவிடும் என்று படத்தை அணைத்து வைத்திருந்ததால் எங்களுக்குக் குரல்தான் சாட்சி. ஒருநாள் ஒரு பையனின் கைப்பேசி பாதியில் அணைந்துபோக, மாமா என் கைப்பேசிக்குள் குனிந்து கத்தினார்.

"வாரான் சார், பின்னாடி வாரான்."

"பின்னாடின்னா எங்கண்ணே? இங்க எல்லாரும் பொட்டிக்குள்ளதான இருக்காங்க."

"லோரிக்குப் பின்னாடி சார்."

ஆசிரியர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் பையனுக்கு வருகை போட்டுவிட்டார். பெரட்டு வென்றது என்று கொட்டகையே பெருமைப்பட்டது.

சில நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்த காய்ச்சல்தான் என்றாலும் அந்தக் காலத்தில் காய்ச்சலோடு யாரும் கொட்டகைப் பக்கம் போக முடியாது. அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"மொத மாசத்துலயே பேரு விட்டுப்போனா வெட்டிருவாங்க. நீ படு. நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு ஒருநாளும் மட்டம் போடாதவர் அன்று போகவில்லை. சொல்லிவிட்டு வருகிறேன் என்றவர் மதியத்துக்குத்தான் வந்தார். பாதியில் எழுந்து வந்தால் அரை நாளாகப் போட்டுவிடுவார்களோ என்று பயந்தாராம்.

சாயங்காலம் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் எலுமிச்சையையும் எடுத்துக்கொண்டு என் பாயருகே வந்து உட்கார்ந்தார். மேலே தொங்கிய விளக்குதான் சூரியன். ஆரஞ்சு பூமி, எலுமிச்சை நிலா.

"நெலாவ பாம்பு முழுங்கறது இல்லையாம்லா. நம்ம நெழல் போய் விழுதாம்." எலுமிச்சையை ஆரஞ்சுக்குப் பின்னால் மெதுவாக நகர்த்தினார். நகர்த்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு நாளா நம்ம நெழலத்தான் பாம்புன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்."

"அப்ப சூரியன எதும்மா மறைக்குது?"

"அதுக்குள்ள மணி முடிஞ்சுருச்சு. மிச்சத்த நாளைக்குச் சொல்லுவாராம்."

மறுநாள் காலையில் எனக்குக் காய்ச்சல் இல்லை. எழுந்து சீருடையைத் தேடினேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தொட்டார், மறுபடியும் நெற்றியைத் தொட்டார்.

"இன்னும் கணகணன்னுதான் இருக்கு. இன்னைக்கும் படுத்துரு."

எனக்குக் கொண்டாட்டம். போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

அடுத்த நாள் நான் கொட்டகைக்குப் போனபோது மளிகைக்கடை அக்கா கோப்பி ஊற்றிக்கொண்டே சிரித்தார். "உங்கம்மா மொத நாளு, 'காய்ச்சல் சார், பின்னாடி வாரா'ன்னு சொன்னுச்சு. நேத்து உன் பேரக் கூப்பிட்டதும் 'இருக்கேன் சார்'னு அதுவே சொல்லிருச்சுலா." நானும் சிரித்தேன். அம்மா பெரட்டில் கெட்டிக்காரர், என் பெயரைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

இப்போது கல்லூரி வகுப்பில் என் பெயர் கூப்பிடப்படும்போது, குரல் கொடுத்துவிட்டு ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

ஏனென்றால் அந்த இரண்டாம் நாள், போர்வைக்குள் இருந்தபடி சன்னல் வழியாக அம்மாவைப் பார்த்தேன். கோயிலுக்குப் போகும்போது கட்டும் சேலை. தலையைப் படிய வாரிப் பவுடர் பூசியிருந்தார். கைப்பேசி ஒன்று போதும் என்ற இடத்துக்கு என் பள்ளிப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, அதன் வாரை இரு கைகளாலும் பிடித்தபடி, செம்மண் பாதையில் வேகமாக நடந்துகொண்டிருந்தார். மழை மூட்டமாக இருந்தது. குடை வைத்துக்கொள்ளத்தான் பையை எடுத்துப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பிப் படுத்தேன்.