நுளம்பு வலைக்குள் ராசா

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. ஆட்களுக்கு முன்னால் வாயைத் திறக்கிற பழக்கம் எனக்கு வயலிலும் வரவில்லை, மனைவி இருந்த காலத்து வீட்டிலும் வரவில்லை.

எண்பத்தாறு வாக்கில், மனைவி இறந்த பிறகு, கிளிநொச்சிக்குப் பக்கத்தில் அக்கராயனில் மகனுடைய குடும்பத்தோடு இருந்தேன். பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு ஐந்து, கடைக்குட்டி தவழத் தொடங்கியிருந்தான். பிள்ளைகள் பக்கத்தில் வந்து குந்தினால் என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் வயல் வரம்பு வெட்டும்போது மண்வெட்டியில் ஒரு பழைய செப்புச் சதம் பட்டது. ஒரு பக்கம் தலையில் முடி சூடிய ராசா, மறுபக்கம் பனை மாதிரி ஒரு மரம். பேத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ராசாவுக்கு உடம்பு ஏன் கழுத்தோடு முடிந்துவிட்டது என்று கேட்டாள். பதில் சொல்லத் தொடங்கினேன். விளக்கு வைக்கும் வரை கதைத்திருக்கிறோம்.

அதன் பிறகு நெல்லுக் குத்துகிற மில்லிலும் தேத்தண்ணீர்க் கடையிலும் கூச்சத்தை விட்டுப் பழைய காசு கேட்டேன். ராசாக் காசு, ராணிக் காசு, நெளிந்த விளிம்புப் பத்துச் சதம், சதுர ஐந்து சதம் என்று ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் சேர்ந்தது. பின்னேரங்களில் பாயை விரித்துக் கொட்டுவோம். பேத்தி ஆண்டை வாசிப்பாள். பேரன் ராசாக்களை ஒரு பக்கமும் ராணியை மற்றப் பக்கமும் அடுக்குவான்.

மருமகள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் வீட்டை இழந்து, தாய் தகப்பனோடு கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறியவள். மகன் விரும்பிக் கட்டினான். தோட்டத்துப் பெட்டை என்று, யாழ்ப்பாணத்தில் இருந்த என் சொந்தக்காரர் ஒருவரும் கலியாணத்துக்கு வரவில்லை. நான் மறுக்கவில்லை, ஆனால் அவளோடு கதைக்கவும் இல்லை. சாப்பிடக் கூப்பிடுவாள், தலையாட்டுவேன். வருடக்கணக்காக அவ்வளவுதான்.

ஒரு பின்னேரம் நாங்கள் மூவரும் காசுகளின் மேல் குனிந்திருந்தபோது, தம்பியின் சத்தத்தைக் காணவில்லை என்று பேத்தி சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். கடைக்குட்டி பாயின் ஓரத்தில் வாயைத் திறந்தபடி இருந்தான். அழுகை வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. பேத்தி தாயைக் கூப்பிட்டாள்.

குசினி அடுப்பை விட்டு வந்த மருமகள் பிள்ளையைத் தன் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்களுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் பலமாகத் தட்டினாள். மூன்றோ நான்கோ தட்டு. சதுர ஐந்து சதம் தரையில் விழுந்தது. பிறகுதான் அழுகை வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கொழுந்து பறிக்கிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவத்தில் ஒரு ஆயா இப்படிச் செய்ததைச் சின்ன வயதில் பார்த்ததாகச் சொன்னாள். ஒருமுறை பார்த்ததை அத்தனை வருடம் கையில் வைத்திருந்திருக்கிறாள்.

நான் காசுகளைப் பேணிக்குள் அள்ளிப் போட்டு, குளத்தில் எறிந்துவிட்டு வரச் சைக்கிளை எடுத்தேன். பேரன் பின்கரியரைப் பிடித்துக்கொண்டான். பேத்தி அழவில்லை.

"அப்ப நாளைக்கு நாங்கள் என்ன கதைக்கிறது, அப்பப்பா?"

மருமகள் முற்றத்துக்கு வந்தாள்.

"மாமா, அத இப்படிக் குடுங்க. காசு ஒண்ணும் செய்யல. வச்ச எடந்தான் சரியில்ல."

பேணி அலுமாரிக்கு மேலே போனது. அதை இனி இறக்கமாட்டாள் என்று நினைத்தேன். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி திரிந்தார்கள். பின்னேரங்களில் நான் மாட்டோடு இருந்தேன்.

சில நாட்களுக்குப் பிறகு அவளே இறக்கினாள். முதலில் காசுகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். செப்புக் காசின் பச்சைக் களிம்பு பிள்ளைகளின் விரலில் ஒட்டுவதை அவள் கவனித்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. பிறகு படுக்கைக்கு மேலே கட்டுகிற, கிழிந்துபோன நுளம்பு வலையில் நல்ல துண்டை வெட்டி இரண்டாக மடித்து, நடுவில் ஒவ்வொரு காசாக வைத்து, நான்கு பக்கமும் நெருக்கமாகத் தைத்தாள். இந்தப் பக்கம் பார்த்தால் ராசா, அந்தப் பக்கம் பார்த்தால் மரம். விரலால் தடவலாம், ஆண்டையும் வாசிக்கலாம். வெளியே எடுக்கத்தான் முடியாது.

தைத்து முடித்ததும் மூத்த பிள்ளைகள் கை நீட்டினார்கள். அவள் கொடுக்கவில்லை. கடைக்குட்டியின் முன்னால் போட்டாள்.

"மொதல்ல இவன் பாக்கட்டும்."

அவன் இழுத்தான், உதறினான், புதிதாக முளைத்த பல்லால் கடித்தான். நான் அவன் வாய்க்குக் கிட்ட விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். அவனுக்குக் களைத்த பிறகு, அவள் வலையை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். ஒரு மூலை இளகியிருந்தது. அதை இரட்டை நூலால் மறுபடி தைத்து, மறுபடி அவனிடமே கொடுத்தாள். நானாக இருந்தால் அந்த மூலையை மட்டும் விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டிருப்பேன். இந்த முறை ஒன்றும் இளகவில்லை.

ஏன் எல்லாவற்றையும் வரிசையாகத் தைத்திருக்கிறது என்று பேரன் கேட்டான்.

"இது லயம், தோட்டத்துல வேல செய்யிறவங்களுக்கு வரிசையா கட்டுன அறைங்க. ஆளுக்கு ஒரு காம்பரா," என்றாள். முடி வைத்த ராசாவை விரலால் தட்டினாள். "எங்க தாத்தாவ லயத்துல வச்சது இவரோட வெள்ளக்கார ஆளுங்கதானே. இவரும் இருந்து பாக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரன் என் வாயைத் திரும்பிப் பார்த்தான்.

கடைசி வரிசையில் நான்கு கட்டங்கள் ஒரு பக்கம் தைக்காமல் வெறுமையாக இருந்தன. அவளிடம் நானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"பிள்ளை, இது ஏன் வெறுமையாக் கிடக்குது?"

"நீங்க இனிமே கொண்டார காசுக்கு, மாமா. ஆனா மொதல்ல எங்கிட்ட தரணும். தச்ச பெறகுதான் இதுங்க கையில."

அதற்குள் பேத்தி பாயை விரித்துவிட்டாள். கடைக்குட்டி நடுவில் போய் இருந்துகொண்டான்.